யாருடைய கையெழுத்து

இதை எழுதுவது ஒருவரல்ல, மூவர். ஒரு வீட்டில் பிறந்த நால்வரில் இளையவர்கள் மூன்று பேர். நால்வரில் மூத்தவரான எங்கள் அண்ணனைப் பற்றிய கட்டுரை இது. ஒருவர் எழுதியதை மற்ற இருவரும் அடித்துத் திருத்தியிருக்கிறோம். கடைசியில் அண்ணனும் படித்துப் பார்த்து, தன் பெயரையும் மருத்துவமனைகளின் பெயர்களையும் நீக்கச் சொன்னார். அவர் இருபத்தைந்து ஆண்டுகள் திருச்சியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். ஆகவே இதில் சந்திப்பிழை ஏதும் தென்பட்டால், அவர் பார்த்து முடித்த பிறகு நாங்கள் சேர்த்த வரிகளில்தான் அது இருக்கும்.

2019 மே மாதம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாவது வாரம், அண்ணன் தன் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு நாவலை எடுத்தார். மாஸ்கோவில் அச்சாகி வந்த பழைய ரஷ்ய மொழிபெயர்ப்பு. பாதி வரை படித்தவர், எங்களில் மூத்தவளை அழைத்துப் பக்க ஓரங்களைக் காட்டினார். பென்சிலில், மிகச் சிறிய எழுத்தில், பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருந்தது. சில இடங்களில் நாவலின் பாத்திரம் பேசும் பேச்சுக்கு எதிரே பதில் இருந்தது. ஓரிடத்தில், சொன்னபடியே சோற்றைத் தொடவில்லை, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று யாரையோ கேட்டிருந்தது அந்தக் கையெழுத்து.

“இத யாரு எழுதினது பாப்பா?”

“பழைய புத்தகக் கடையில வாங்கினதுதானேண்ணா. முன்னாடி வெச்சிருந்தவங்க யாராவது கிறுக்கியிருப்பாங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்து படித்தார். அன்றிரவு நாங்கள் மூவரும் தொலைபேசியில் பேசி, அந்தப் பொய்யையே காப்பாற்றுவது என்று முடிவு செய்தோம். எழுதியது அண்ணன்தான். சனவரியிலும் பிப்ரவரியிலும் எழுதியது. இடையில் எட்டு முறை அவருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை அளிக்கப்பட்டிருந்தது.

எங்கள் வீட்டில் அந்தச் சிகிச்சைக்கு ‘கரண்ட் வைப்பது’ என்று பெயர். அந்தப் பெயர் 1994இல் வந்தது. அப்போது அண்ணனுக்கு இருபத்து நான்கு வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த அப்பா, மகனைத் தூங்கவிடாமல் பேசும் குரல்களுக்கு மருந்து தேடி முதலில் ஒரு கோயிலுக்கும், பிறகு ஒரு மந்திரவாதியிடமும், அதன் பிறகே ஒரு மருத்துவமனைக்கும் போனார். மனச்சிதைவு நோய் என்றார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் அப்பா கையெழுத்திட்டார். அதில் என்ன இருந்ததென்று அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. எங்களில் மூத்தவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. சாப்பாட்டுத் தூக்குடன் நடைகூடத்தில் நின்றவள், அரைகுறையாகச் சாத்திய கதவின் வழியே பார்த்தாள். நான்கு பேர் அண்ணனின் தோளையும் இடுப்பையும் முழங்காலையும் அழுத்திப் பிடித்திருந்தார்கள். வாயில் துணி திணிக்கப்பட்டிருந்தது. மயக்க மருந்து கிடையாது. அவர் உடல் வில்லாக வளைந்ததையும், அந்த நேரத்தில் வெளியே பெஞ்சில் வரிசையாக அமர்ந்திருந்தவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்ததையும் அவள் பல ஆண்டுகள் எங்களிடம்கூடச் சொல்லவில்லை. ஆறு முறை நடந்தது. குரல்கள் அடங்கின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கூடவே தீராத முதுகுவலியும் வந்தது. வேறு எதற்கோ பின்னாளில் எடுத்த எக்ஸ்ரேயில், முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கி ஆறியிருப்பதைக் காட்டினார்கள்.

பிரெஞ்சுக் கவிஞரும் நாடகாசிரியருமான அந்தோனான் ஆர்த்தோவுக்கும் இதுவே நேர்ந்தது. ரொதேஸ் நகர் மனநல விடுதியில் 1943இல் தொடங்கிய மின்னதிர்ச்சிகளில் அவருடைய முதுகெலும்பு முறிந்தது. ஆனால் அது 1943. தசைகளைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்துவிட்டு மின்சாரம் செலுத்தினால் எலும்பு முறியாது என்பது 1940லேயே தெரிந்துவிட்டது. 1950களில் அதற்கு இன்னும் பாதுகாப்பான மருந்தும் வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் எங்கள் அண்ணனை நான்கு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததற்குக் காரணம் அறியாமை அல்ல. மயக்க மருத்துவர் வேண்டும், அவருக்குக் கட்டணம் வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவின் பல மருத்துவமனைகளில் அக்காலத்தில் இதுவே வழக்கம். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் இந்தச் சிகிச்சையை அளிக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் சொன்னது, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில்தான்.

நடுவில் கழிந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரைகள் மாறின. அவற்றால் கை நடுங்கிய காலமும், எடை கூடிய காலமும் உண்டு. 2003இலிருந்து க்ளோசபின் என்ற மருந்து அவருக்கு ஒத்துக்கொண்டது. அச்சகத்தில் அவருக்கென்று ஒரு மேசை இருந்தது. அவர் பார்த்த புத்தகங்களில் எழுத்துப் பிழை இராது என்று பெயரெடுத்தார். அப்பா 2011இல் காலமானபோது காரியங்களை எல்லாம் முன்னின்று செய்தவர் அவரே. கோபி கிருஷ்ணனின் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நூலை எங்களில் இளையவன் அவருக்கு வாங்கிக் கொடுத்தபோது, ஒரே இரவில் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். கருத்து எதுவும் சொல்லவில்லை. மூன்று பிழைகளைக் குறித்திருந்தார்.

2019 சனவரியில் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பது தெரிந்தது. க்ளோசபின் எடுத்துக்கொள்பவர்கள் அஞ்சும் விளைவு அது. மருந்தை உடனே நிறுத்தினார்கள். வேறு மருந்து தொடங்கியது; ஆனால் குரல்கள் அதற்குள் வந்துவிட்டன. பிப்ரவரி நடுவில் அண்ணன் பேச்சை நிறுத்தினார். பிறகு சாப்பாட்டை. பிறகு அசைவை. கையைத் தூக்கி வைத்தால் வைத்த இடத்திலேயே மெழுகுப் பொம்மைபோல் நின்றது. வாயில் ஊட்டிய கஞ்சி விழுங்கப்படாமல் கடைவாயில் தங்கியது. கேட்டடோனியா என்றார் மருத்துவர். லோராசிபாம் ஊசி போட்டதும் ஒரு மணி நேரம் கண் திறந்து எங்களைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அதே உறைநிலை. மூக்கு வழியே குழாய் செருகி உணவு கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அவர் எடை பதினொரு கிலோ குறைந்தது.

மருத்துவர் மின்னதிர்ச்சியைப் பற்றிப் பேசிய அன்று நாங்கள் மருத்துவமனைக் கேன்டீனில் சண்டையிட்டோம்.

எங்களில் இளையவன் இலக்கியம் படிப்பவன். அவன் நியூசிலாந்து எழுத்தாளர் ஜேனட் ஃப்ரேமைச் சொன்னான். மனச்சிதைவு என்று முத்திரை குத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் மனநல விடுதிகளில் கிடந்தவர், இருநூறுக்கும் மேற்பட்ட மின்னதிர்ச்சிகளைப் பெற்றதாகத் தானே எழுதியவர். மூளையில் அறுவை செய்யவும் நாள் குறித்துவிட்டார்கள். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்புக்குப் பரிசு கிடைத்த செய்தியை மருத்துவர் நாளிதழில் பார்த்ததால் அந்த அறுவை கைவிடப்பட்டது. பின்னர் லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் சோதித்து, அவருக்கு மனச்சிதைவு நோயே இருந்ததில்லை என்று சொன்னார்கள். இதைச் சொல்லி முடித்ததும் அவன் குரல் உடைந்தது.

எங்களில் நடுவிலிருப்பவன் கேட்டான்: “அவங்களுக்கு வியாதி இல்ல. சரி. நம்ம அண்ணனுக்கு இருக்கே, அதுக்கு உன் புத்தகத்துல என்ன எழுதியிருக்கு?”

இந்தக் கேள்விக்கு எங்களிடம் அன்று பதில் இல்லை. இன்றும் இலக்கியத்தில் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். மின்னதிர்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட பெரும் படைப்புகள் பலவும் அதைத் தண்டனையாகவே கண்டிருக்கின்றன. கண்டவர்கள் பட்டதைத்தானே எழுதினார்கள், அதில் குறையில்லை. நம் சினிமாவோ அதை நகைச்சுவைக் காட்சியாக்கித் தலைமுடியை நட்டு வைத்தது. ஆனால் விழுங்க மறுக்கும் ஒரு தொண்டையின் முன் அமர்ந்திருப்பவர்களுக்கு இவை இரண்டும் உதவுவதில்லை. மருத்துவ நூல்களும் ஒரே குரலில் பேசவில்லை. மனச்சிதைவுக்குப் பொதுவான சிகிச்சையாக இதைப் பரிந்துரைக்க இயலாது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2003இல் சொன்னது. கேட்டடோனியாவுக்கு மட்டும் இடம் விட்டது. க்ளோசபினுக்கும் அடங்காத நோயாளிகளுக்கு அம்மருந்துடன் மின்னதிர்ச்சியும் கொடுத்துப் பார்த்ததில் பாதிப் பேர் தேறினார்கள் என்று 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 39 பேர். வலிப்பு ஏன் உதவுகிறது என்பதற்கு இன்றுவரை ஒருமித்த விளக்கம் கிடையாது.

அம்மாவிடம் சொன்னோம். “மறுபடியும் கரண்ட் வெக்கப் போறீங்களாடா?” என்று மட்டும் கேட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எங்களில் மூத்தவள் கையெழுத்திட்டாள். அண்ணன் தனக்கென்று யாரையும் பிரதிநிதியாக எழுதி வைத்திருக்கவில்லை. அந்நிலையில் உறவினரே பிரதிநிதி ஆகலாம் என்பது சட்டம். இந்தச் சிகிச்சையை அவசரச் சிகிச்சை என்ற பெயரில் கொடுக்க முடியாது, ஒப்புதல் கட்டாயம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒப்புதல் தாளைத் தந்த மருத்துவர் இன்னொன்றும் சொன்னார்: “அவர்கிட்டயும் ஒரு தடவ சொல்லிடுங்க. பதில் வராது. ஆனா இந்த நெலமையில இருக்கறவங்களுக்குக் காதுல விழறது உண்டு.” நாங்கள் கட்டிலருகே போய் நின்றோம். அண்ணனின் கண்கள் கூரையில் நிலைத்திருந்தன. எங்களில் நடுவிலிருப்பவன், “அவருக்கு எங்க கேக்கப் போகுது” என்றான். மற்ற இருவரும் மறுக்கவில்லை. சொல்லாமலே வெளியே வந்துவிட்டோம்.

இந்தச் சிகிச்சையின் பிறப்பைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தோம். வலிப்பும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நம்பி, 1934இல் புடாபெஸ்டில் மெதுனா என்ற மருத்துவர் கற்பூர ஊசியால் நோயாளிகளுக்கு வலிப்பை வரவழைத்தார். ரோமில் ஊகோ செர்லெட்டியும் லூச்சியோ பினியும் அதற்கு மின்சாரத்தை நினைத்தார்கள். மனிதரின் தலையில் செலுத்தலாமா என்ற அச்சம் இருந்தது. ரோம் நகர இறைச்சிக் கூடத்தில் பன்றிகளை மின்சாரத்தால் வீழ்த்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு செர்லெட்டி அங்கே போனார். பன்றிகள் மின்சாரத்தால் சாகவில்லை, வலிப்பு வந்து விழுந்தன. கத்திதான் அவற்றைக் கொன்றது. 1938 ஏப்ரலில், ரயில் நிலையத்தில் பிதற்றியபடி திரிந்த ஒருவரைப் போலீசார் அவர்களிடம் அனுப்பினார்கள். முதல் முறை செலுத்திய மின்சாரம் போதவில்லை, வலிப்பு வரவில்லை. அடுத்து என்ன செய்வதென்று மருத்துவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், அதுவரை யாருக்கும் புரியாத மொழியில் உளறிய அந்த மனிதர் எழுந்து, இன்னொரு முறை வேண்டாம், அது கொன்றுவிடும் என்று தெளிவான இத்தாலியில் சொன்னார். செர்லெட்டியே பின்னாளில் எழுதிய செய்தி இது. இரண்டாம் முறை மின்சாரம் கூட்டிச் செலுத்தப்பட்டது. அவர் தேறினார் என்று பதிவு செய்தார்கள்; பிற்பாடு நோய் திரும்பியது.

அந்த மனிதர் தெளிவாகப் பேசிய முதல் வாக்கியம் ஒரு மறுப்பு. அதற்கு அவ்வறையில் யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் அண்ணனிடம் நாங்கள் கேள்வியே கேட்கவில்லை. அன்று அவருக்குக் காது கேட்டதா என்பதை இனி அவராலும் சொல்ல இயலாது. அந்த நாள்கள் அவரிடம் இல்லை.

மார்ச் கடைசியில் சிகிச்சை தொடங்கியது. வாரம் மூன்று முறை, காலையில், வெறும் வயிற்றில். மூன்றாவது முறை, எங்களில் இளையவனின் முகத்தைப் பார்த்த மருத்துவர் அவனைக் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நிற்க அனுமதித்தார். மயக்க மருந்து ஏறியதும் அண்ணன் உறங்கினார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவருடைய வலது கணுக்காலுக்கு மேலே இறுகக் கட்டினார்கள். அப்பால் பாதத்துக்குத் தசைத் தளர்வு மருந்து போகாது. வலிப்பு வந்ததா என்று அங்கே பார்க்கலாம். பற்களுக்கிடையே ரப்பர்த் துண்டு, முகத்தில் ஆக்சிஜன். பிறகு சில நொடிகள் மின்சாரம். உடம்பு கிடந்தபடியே கிடந்தது. வலது கால் விரல்கள் மட்டும் ஏறத்தாழ நாற்பது நொடி துடித்தன. அவன் வெளியே வந்து மூத்தவளிடம், “வெரல் மட்டுந்தான்க்கா ஆடுச்சு” என்றான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அரைக் கதவின் வழியே பார்த்ததை அவள் அப்போதுதான் எங்களுக்கு முழுவதுமாகச் சொன்னாள்.

நான்காவது முறைக்குப் பிறகு அண்ணன் தண்ணீர் கேட்டார். ஐந்தாவதற்குப் பிறகு தானாகவே தயிர்ச்சோறு சாப்பிட்டார். அம்மா அந்தத் தட்டைக் கழுவாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். எட்டுடன் நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று எங்கள் விரல்களில் இருந்த மையைப் பார்த்து, “என்ன இது?” என்றார். ஏப்ரல் 18 அன்று வாக்களித்திருந்தோம். தேர்தல் என்றே அவருக்குத் தெரியவில்லை. மெல்ல மெல்ல நாங்கள் அந்த இழப்பின் எல்லையை அளந்தோம். முந்தைய ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் உடைந்தது நினைவிருந்தது. போய்ப் பார்த்ததும் நினைவிருந்தது. நவம்பரில் கஜா புயல் வீசியது நினைவில் இல்லை. கொல்லையில் முருங்கை மரம் இருந்த இடத்தை வெறித்துப் பார்த்து, எப்போது வெட்டினீர்கள் என்று கேட்டார். சாய்ந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தியவர் அவரே. ஏறக்குறைய ஐந்து மாதங்கள் போயிருந்தன. அவற்றில் சில துணுக்குகள் பிறகு திரும்பின; பெரும்பகுதி திரும்பவில்லை.

போன மாதங்கள் நோயின் மாதங்கள்தானே, போனால் போகட்டும் என்று நாங்கள் நினைத்தோம். புத்தகத்தைப் பற்றிப் பொய் சொன்னது அந்த நினைப்பில்தான்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அண்ணன் பேசுவதை நிறுத்தினார். சாப்பிட்டார், குளித்தார், நடந்தார். எங்களுடன் மட்டும் ஒரு சொல் இல்லை. இரண்டாம் நாளே நாங்கள் மூவரும் கூடிவிட்டோம். எங்களில் நடுவிலிருப்பவன் மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினான். மூத்தவள் ஒவ்வொரு கவளத்தையும் அவர் விழுங்குகிறாரா என்று கவனித்தாள். இளையவன், அவர் பார்க்காத நேரம் பார்த்து, அவருடைய கையைத் தூக்கி விட்டுப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தான். மூன்றாம் நாள் மாலை அண்ணன் காலண்டர் தாளொன்றைக் கிழித்து எழுதி எங்கள் முன் வைத்தார்.

‘இது அது இல்லை. கோபம்.’

பிறகு பேசினார். “இருவத்தஞ்சு வருஷம் ஊரான் கையெழுத்தெல்லாம் பாத்திருக்கேன். என் ழகரம் எனக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும். எத்தன நாளைக்குச் சொல்றீங்கன்னு பாத்தேன்.”

மன்னிப்புக் கேட்டோம். உங்களை வருத்தக்கூடாது என்றுதான், என்று மூத்தவள் தொடங்கியதும் கையமர்த்தினார். “அந்த அஞ்சு மாசம் கரண்ட்டு எடுத்துக்கிச்சு. அது மெஷினு. மிச்சம் பென்சில்ல இருந்தது அந்தப் புத்தகத்துல மட்டுந்தான். அத நீங்க எடுத்துக்கப் பாத்தீங்க.” ஒப்புதல் தாளின் நகலைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தோம். மேசை விளக்கின் கீழே வைத்து நிதானமாகப் படித்தார். தமிழில் அச்சிட்டிருந்த அந்தத் தாளில் ‘மின்னதிர்ச்சி சிகிச்சை’ என்று மூன்று இடங்களில் இருந்தது. மூன்றிலும் சிவப்பு மையால் ‘ச்’ சேர்த்தார். அடியிலிருந்த தங்கையின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். “சரியாத்தான் போட்டிருக்க” என்றார். எதைச் சொன்னார் என்று கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை.

அவருக்கு இந்தச் சிகிச்சையின் மீது நன்றியும் இல்லை, பகையும் இல்லை. 1994இல் நடந்ததைப் பற்றிக் கேட்டால் முதுகைத் தொட்டுக் காட்டுவார். 2019ஐப் பற்றிக் கேட்டால், உயிர் இருக்கிறது, கஜா புயல் இல்லை என்பார். ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் எங்களிடம் தனித்தனியே வந்து, அவரைச் சாட்சியாக மேடையேற்ற விரும்பியதுண்டு. அவர் இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பின்னாளில் நோய் முற்றி, தன்னால் முடிவெடுக்க இயலாமற்போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்னதாகவே எழுதி வைக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. 2021இல் அண்ணன் அதை எழுதினார். நான்கு வரைவுகள். மூன்றை நாங்கள் ஆட்சேபித்தோம், அவர் எங்கள் ஆட்சேபங்களைப் படித்துவிட்டு அவற்றிலிருந்த பிழைகளைத் திருத்தித் தந்தார். ஊசி மருந்துகள் பயனற்றுப்போய், உணவும் நின்றுவிட்டால் மட்டும் மின்னதிர்ச்சி தரலாம். எட்டுக்கு மேல் போகக் கூடாது. எட்டுக்குப் பின் பேச முடிந்தால் தன்னைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அறைக்குக் கொண்டுபோகுமுன், பதில் வராவிட்டாலும், என்ன செய்யப்போகிறார்கள் என்று காதருகே உரக்கச் சொல்ல வேண்டும். அந்த நாள்களில் வீட்டிலும் ஊரிலும் நடப்பதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்து, திரும்பி வந்ததும் தன்னிடம் தர வேண்டும். பிரதிநிதியாக எங்களில் மூத்தவளின் பெயரையே எழுதினார்.

எல்லாம் முடிந்து கையெழுத்திட்ட பிறகு, தாளின் ஓரத்தில் பென்சிலால் இன்னொரு வரி சேர்த்தார். பென்சிலில் எழுதியது செல்லாது, மையால் எழுதுங்கள் என்றோம். இது சட்டத்துக்கு இல்லை, உங்களுக்கு என்றார்.

‘புத்தக ஓரத்தில் எழுதியவற்றை ரப்பரால் அழிக்க வேண்டாம்.’